அழுகிய அடையைக் கேட்டு வாங்கியவள்

லூர்து ராசா,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். யாருக்கும் தலைவலி காய்ச்சல்கூட இல்லை. ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த நல்ல செய்திக்கு வருவதற்கு ஒரு கெட்ட செய்தியைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே "அய்யய்யோ" என்பாய், பேச்சு அங்கேயே நின்றுபோகும். அதனால்தான் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். நீ வேலை முடிந்து அறைக்கு வந்து, கை கால் கழுவி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படி. கடைசி வரி வரைக்கும் படிக்காமல் ஸ்டெல்லாவுக்குப் போன் போடக் கூடாது. இது அம்மா சொல்.

என்னை எழுத வைத்தவள் உன் மகள். வருகிற மாதம் பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுக்கப்போகிறாள் அல்லவா, கோயிலில் சிஸ்டர் தினமும் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரிடம் என்னென்ன பாவம் சொல்வது என்று ரோஸி உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு கை விரலுக்குக்கூடப் பாவம் தேறவில்லை அவளுக்கு. திடீரென்று என் பக்கம் திரும்பினாள். "அப்பத்தா, அம்மா அப்பாகிட்டச் சொன்ன பொய்ய நாஞ் சொல்லிக்கிறலாமா?"

"என்னடி பொய்?"

"பெட்டியெல்லாம் எப்பிடி இருக்குன்னு அப்பா கேக்கும்போதெல்லாம், நல்லாருக்கு நல்லாருக்குங்குதுல்ல, அது."

"அவுக அவுக பாவத்த அவுக அவுகதான்டி சொல்லணும்."

"அப்ப அம்மா சொல்லிருச்சா?"

சாமியாரே கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். உடனே அவள் அம்மா ஸ்டெல்லாவிடம் போய், "நீ சொல்றியா, நாஞ் சொல்லவா" என்றேன். "நீங்களே சொல்லிருங்க அத்தை, எனக்கு வாய் வரல" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். ஆகவே சொல்கிறேன், கேள். தென்னந்தோப்பில் இருந்த நம் தேனீப் பெட்டிகளில் பாதிக்கு மேல் போன மழைக்காலத்தில் நோய் விழுந்தது. அத்தனை பெட்டிகளின் தேனடைகளையும் குழி தோண்டி எரித்தோம். உளுத்துப்போன இரண்டு பெட்டிகளைப் பலகையோடு சேர்த்து எரித்தோம். இன்றைக்குத் தோப்பில் இருக்கும் பெட்டிகள் நீ குவைத்துக்கு விமானம் ஏறிய அன்று இருந்ததைவிடக் குறைவு.

உனக்கு இது எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தெரியும். "பெட்டி நம்ம வீட்டுக்குச் சோறு போடுற அளவுக்குப் பெருகட்டும்மா, அன்னைக்கு வந்துர்றேன், அப்பறம் பிளேன அண்ணாந்துகூடப் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. அந்த அளவுக்குப் பெருகத்தான் செய்தது. ஏலக்காய்த் தோட்டத்தில் பூ காய் பிடிக்கப் பூக்காலத்தில் பெட்டி வாடகைக்கு வேண்டும் என்று குமுளிப் பக்கத்து எஸ்டேட் கங்காணி வந்து பேசிவிட்டும் போயிருந்தார். கதவு திறக்கிற நேரத்தில்தான் இப்படி ஆனது. பெட்டி போனது என்று சொன்னால் நீ இன்னும் சில வருசம் அங்கேயே இருந்துவிடுவாயோ என்ற பயத்தில்தான் அவள் நல்லாருக்கு நல்லாருக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த நாட்கள். பூவில்லை, ஈக்கு வெளியே போக வழியில்லை. ஒரு வெயில் முகம் கண்ட காலையில் ஸ்டெல்லா பெட்டியைத் திறந்தவள், "அத்தை, இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள். நல்ல புழு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், குழிக்குள் முத்துப் போல வெள்ளையாய்ச் சுருண்டு பளபளக்கும். இந்தப் புழுக்கள் மஞ்சள் பூத்து, முறுக்கிக்கொண்டு, குழியின் ஓரத்தில் சரிந்து கிடந்தன. மூடி போடும் முன்னாலேயே செத்திருந்தன. புளித்து நாள்பட்ட மாவு மாதிரி ஒரு வாடை. நான் பசி என்று நினைத்தேன், சர்க்கரைப் பாகு வைத்தோம். வாடை கூடியது. பெட்டி விற்கிற ஒருவர், "பாகுல மாத்திரையக் கரைச்சு ஊத்துங்க, எல்லாஞ் சரியாயிரும்" என்றார். ஸ்டெல்லா, "அந்த மருந்து தேன்லயும் எறங்கும்ல. அந்தத் தேன எம் புள்ளைக்கு ஊட்டவா?" என்று கேட்டாள். ஒரு துண்டு அடையை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் வேளாண்மை அதிகாரி, மேடம் ஒருவர், நம் தோப்புக்கே வந்துவிட்டார்கள்.

மேடம் ஒரு தீக்குச்சியை எடுத்து, செத்த புழுவுக்குள் விட்டுக் கிண்டி, மெதுவாக மேலே இழுத்தார்கள். "பசை மாதிரி நூலா இழுத்துச்சுன்னா பொல்லாத நோய், பெட்டி, அடை கட்டுற மரச்சட்டம், ஈ எல்லாத்தையும் எரிக்கிறதத் தவிர வழியில்ல. இது இழுக்கல. இதுவும் புழு அழுகல் நோய்தான், கண்ணுக்குத் தெரியாத கிருமியால வாரதுதான். ஆனா காப்பாத்தலாம்" என்றார்கள். வழியும் சொன்னார்கள். ஈக்களைப் புதுச் சட்டத்தில் உதறிவிட வேண்டும். பழைய அடை ஒன்றுகூட மிஞ்சாமல் எரிக்க வேண்டும். பெட்டியைச் சோடா உப்புக் கொதிநீரில் தேய்த்துக் கழுவி, உள்பக்கம் தீயில் வாட்ட வேண்டும். ராணியைக் கொஞ்ச நாள் சின்னக் கூண்டில் அடைத்து வைக்க வேண்டும். முட்டையிடாவிட்டால் புழு இருக்காது, புழு இல்லாவிட்டால் கிருமிக்குத் தீனி இருக்காது. அதற்குள் ஈக்கள் வீட்டைச் சுத்தம் செய்துவிடும். எனக்கு மனசு லேசாகிவிட்டது, காப்பி போட எழுந்தேன். அப்போதுதான் மேடம் கேட்டார்கள்: "இந்தப் பெட்டிகள்லருந்து வேற யாருக்காச்சும் புழு அடை குடுத்தீங்களாம்மா?"

"யாருக்குக் குடுக்கலன்னு கேளுங்க மேடம்" என்றேன்.

நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியாததா? புழு அடை கேட்பது உறை மோர் கேட்பது மாதிரி. ஒருத்தி பெட்டியில் ஈ குறைந்தால் கிண்ணத்தோடு வருவது போலத் துண்டோடு வந்து நிற்பாள். பெருத்த பெட்டியிலிருந்து புழு நிறைந்த அடை ஒன்றை எடுத்துக் கொடுப்போம், அந்தப் புழுக்கள் அவள் பெட்டியில் பொரிந்து ஈயாகி அதைத் தூக்கி நிறுத்தும். அவள் பெட்டி பெருத்ததும் திருப்பித் தருவாள். வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தருவாள். போன வருசம் அப்படி நம் தோப்பிலிருந்து ஐந்தாறு வீட்டுக்கு அடை போயிருந்தது. நோயையும் கையோடு கொடுத்துவிட்டிருக்கிறோம்.

மேடம் போன பிறகு நான் சொன்னேன், "நம்மத எரிச்சுப்புட்டு வாய மூடிக்கிருவமா ஆத்தா? கங்காணி காதுக்குப் போச்சுன்னா வாடகைப் பேச்சு போச்சே." ஸ்டெல்லா உடனே, "அவுக பெட்டி ஈ நம்ம பெட்டிக்குள்ள தேன் திருட வரும், நம்மது அங்க போகும். நம்ம வாய மூடுனா நோயி மூடிக்கிருமா அத்தை? சேலைய மாத்துங்க, கெளம்புவோம்" என்றாள். உன் பெண்டாட்டிக்கு என்னைவிட நெஞ்சுரம் அதிகம். அது எனக்குப் பெருமைதான், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கனகம் வீடு. நம் பக்கத்து வீட்டுக் கனகத்தின் வாய் உனக்குத் தெரியுமே. ஸ்டெல்லா, "சித்தி, போன மாசம் நாங்க குடுத்த அடையத் திருப்பித் தாங்க" என்று மட்டும்தான் சொன்னாள். நோய் என்று அடுத்துச் சொல்ல வந்தாள், கனகம் விட்டால்தானே.

"குடுத்ததத் திருப்பிக் கேட்டு வந்துட்டீகளா மாமியாளும் மருமகளும்? ஏக்கா, இந்தத் தீவாளிக்கு முந்தி குடுத்த உறை மோரு, போன வருசம் குடுத்த கருவேப்பில, அதையும் சேத்துக் கேளுங்க. நல்லா வளருதுடி ஒங்க வீட்டுப் பழக்கம்!"

ஸ்டெல்லா பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். கனகம் பாதி காதில் வாங்கினாள். மற்ற வீடுகளிலும் இதே கதைதான். ஆனால் மறுநாள் காலையில் நடந்ததைப் பார்த்திருந்தால் நீ விழுந்து சிரித்திருப்பாய். தோப்பு வேலிக்கு வெளியே நம் தெருப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில், பால் வெள்ளையில், மேல் ஓரம் தேன் ததும்பும், இருப்பதிலேயே உயர்ந்த அடை. கனகத்தின் அடையிலிருந்து தேன் சொட்டி அவள் முழங்கை வழியாக ஓடுகிறது. "நீ குடுத்தது என் உள்ளங்கை அகலம். நாங் குடுக்குறதப் பாரு" என்கிறாள்.

ஸ்டெல்லா தலையில் கை வைத்துக்கொண்டாள். "சித்தி, நல்லத ஏன் கொண்டாந்தீங்க? எனக்கு அழுகுனது வேணும்!"

"அழுகுனதத் திருப்பிக் குடுக்க நாங்க என்ன வகையத்த குடும்பமாடி?"

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பார்த்தாயா ராசா! வாங்கியதைவிட மட்டமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அழுகிய அடைகளையெல்லாம் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்துவிட்டு, நோய் படாத நல்ல அடைகளை நோய்த் தோப்புக்குள் வைக்க எடுத்து வந்திருக்கிறார்கள். ஸ்டெல்லா ஓடிப்போய் வேலிக்கு உள்ளே ஒரு கால் வைக்க விடாமல் மறித்து, அத்தனை தாம்பாளத்தையும் அப்படியே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். அதிலும் இரண்டு பேருக்குக் கோபம், கொண்டுவந்த சீரைத் திருப்பி அனுப்பினாள் என்று.

கேட்டால் தர மாட்டார்கள், காட்டவும் வெட்கப்படுவார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரையும் தோப்புக்கு வரச் சொன்னாள். கனகம் பூசைக்கு வருகிறவள் இல்லை, பிள்ளையார் கோயிலிலிருந்து திருநீறோடு வந்தாள். ஸ்டெல்லா நம் பெட்டிகளிலேயே ஆக மோசமான பெட்டியைத் திறந்து, அடையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். "இது எங்க வீட்டு அடை. நாந்தான் வளத்தேன். யாரும் தொடாம, மூக்க மட்டும் வச்சுப் பாருங்க" என்றாள். கூட்டம் அசையவில்லை. நான் போய் மோந்து பார்த்து, "த்தூ, நாறுது" என்றேன். யாரோ சிரித்தார்கள். கனகம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து குனிந்தாள், மோந்தாள், நிமிர்ந்தாள்.

"ஏ ஆத்தா! இந்த வாட எங்க சன்னலோரம் மழ புடிச்சதுலருந்து வருதுடி. நான் எங்க வீட்டுக்காரரு சாக்சுன்னுல்ல நெனச்சேன்! அந்த மனுசன நித்தமும் காலக் கழுவிட்டு வா, காலக் கழுவிட்டு வான்னு வஞ்சு தீத்துட்டேனே!"

அவ்வளவுதான், தோப்பே சிரித்தது. ஒருத்தி சிரித்துக்கொண்டே "எங்க பெட்டியும்தான்" என்றாள், இன்னொருத்தி "எங்கதும்" என்றாள். அதன்பின் ஸ்டெல்லா வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளைத் திறந்தாள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் முன் கையையும் பெட்டி திறக்கிற உளியையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவி வாட்டிய பெட்டிகளில், புதுச் சட்டங்களில் ஈக்களை உதறிவிட்டாள். எரிக்க வேண்டிய அடைகளை வழியில் வேறு ஈ மொய்க்காதபடி மூடிக் கொண்டுவரச் சொன்னாள். பொழுது சாயும் நேரத்தில் தூக்குவாளியிலும் குண்டானிலும் மூடி போட்டு, மேலே துண்டையும் கட்டி, கோயில் அசன விருந்துக்குக் குழம்பு கொண்டுவருகிற மாதிரி வந்து சேர்ந்தார்கள். குழிக்குள் கொட்டித் தீ வைத்தோம். மெழுகு பிடித்ததும் தீ ஆள் உயரம் எழுந்தது. ஸ்டெல்லா கொஞ்சம் கண் கலங்கினாள். கனகம் பணியாரச் சட்டியை அவள் கையில் திணித்து, "அழுகுற வாயில இதப் போடு" என்றாள். தீ அணைந்து மண் மூடுகிற வரைக்கும் பணியாரமும் பேச்சுமாக இருந்தோம். துக்க வீடு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

பயம் அப்புறம்தான். நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு ரோசம் அதிகம், அடையை எடுத்துவிட்டால் கோபித்துக்கொண்டு கூட்டமாகக் கிளம்பிவிடும். ஸ்டெல்லா ராணி வெளியேற முடியாதபடி வாசலைக் குறுக்கி, சாயங்காலந்தோறும் பாகு வைத்து, பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கனகம் மட்டும் வாசலைச் சரியாக மூடாமல் விட்டிருக்கிறாள். அவள் ஈக்கள் போய்ப் புளியமரத்தில் தொங்கிவிட்டன. அவள் கீழே நின்று, "தாயி, எறங்கி வா, புது வீடு கட்டித் தந்துருக்கேன்ல, பாகு ஊத்துனேன்ல, இன்னும் என்ன கொற வச்சேன்" என்று கெஞ்சினாள். ஸ்டெல்லா ஏணி வைத்து ஏறி, கூடையில் தட்டி இறக்கிக் கொடுத்தாள். பிறகு பழைய ராணிகளை மாற்ற வேண்டும் என்று மேடம் சொன்னபோது, ஓடைப்பட்டியில் உன் மாமியார் வீட்டுப் பெட்டிகளைச் சோதித்துப் பார்த்து, அங்கிருந்துதான் புது ராணிகள் வந்தன. ஓடைப்பட்டியிலிருந்து நம் வீட்டுக்கு வந்த எதுவும் சோடை போனதில்லை.

மாசியில் ஒருநாள் ஸ்டெல்லா மறுபடியும் "அத்தை, இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள். போட்டது போட்டபடி போனேன். புத்தம் புது அடை, குழிக்குழியாய் முத்து முத்தாய் வெள்ளைப் புழு. வாடை இல்லை. மூக்கை வைத்து இழுத்தேன், மெழுகு வாசமும் பூ வாசமும்தான். மேடம் வந்து எல்லா வீட்டுப் பெட்டிகளையும் பார்த்து, நோய் இல்லை என்றார்கள். இப்போது தெருவில் உறை மோர் வழக்கம் போலப் போகிறது வருகிறது, அடை மட்டும் வேலி தாண்டுவதில்லை. பெட்டி மெலிந்தால் ஆள் உதவிக்குப் போகிறோம்.

இடையில் உனக்கு ஒரு வார்த்தை. உன் அப்பா இருந்தபோது ஒரு மழையில் அறுத்துப் போட்ட வெங்காயம் அத்தனையும் அழுகிவிட்டது. என்னிடம் சொல்லாமல் ஒரு வாரம் அந்தக் கவலையைத் தனியாகச் சுமந்தார். தெரிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி "எவ்வளவு போச்சு?" அந்த மனுசன் முகம் சுருங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீ ஸ்டெல்லாவுக்குப் போன் போடும்போது வேறு ஏதாவது கேள். பணியாரம் ருசியாக இருந்ததா என்று கேள்.

ஈஸ்டர் முடிந்து எஸ்டேட் கங்காணி வந்தார். உத்தமபாளையம் டீக்கடையிலேயே அவர் காதுக்கு எல்லாம் போய்விட்டிருந்தது. "மோளே, இவிடத்துத் தேனீக்கு அசுகம்னு கேட்டேனே" என்று தன் மலையாளத் தமிழில் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்டெல்லா, "இருந்துச்சு சேட்டா. இப்ப இல்ல. நீங்களே தெறந்து பாருங்க" என்றாள். மனுசன் நம்பிவிடவில்லை. ஒவ்வொரு பெட்டியாக மூடியைத் தூக்கித் தூக்கி மோந்து பார்த்தார். "இவரு என்ன, கல்யாண வீட்டுல ரசத்துக்கு உப்புப் பாக்குற மாதிரியே போறாரு" என்று கனகம் முணுமுணுத்தாள். கடைசியில் அவர், "பெட்டி கொள்ளாம். பச்சே லாரிக்குத் தெகையாதே" என்றார். பெட்டி நன்றாக இருக்கிறதாம், ஆனால் லாரி நிறைய நம் பெட்டிகள் போதவில்லை.

"அப்ப எங்க பெட்டியெல்லாம் எதுக்கு இருக்கு? ஏத்துங்கய்யா அதையும்" என்றாள் கனகம். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். ஆறு வீட்டுப் பெட்டிகளும் சேர்ந்து லாரி நிறைந்தது. எல்லா வீட்டுப் பெட்டிகளையும் மலையிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் ஸ்டெல்லா. அதற்குத் தனியாகக் கூலியும் பேசியாகிவிட்டது. வாரா வாரம் பெட்டி திறந்து பார்க்க ஒரு ஆள் போதாது, பாரம் தூக்க இன்னொரு கை வேண்டும் என்று கங்காணியே சொன்னார். ரோஸிக்குப் புதுநன்மை முடிந்த அடுத்த வாரம் லாரி ஏறுகிறது. பிள்ளையும் பள்ளிக்கூடமும் என் பொறுப்பு.

தங்குவதற்கு, ஏலக்காய் பறிக்கிற பெண்களோடு ஒரு பாய் போட்டுக்கொள்ளலாம் என்றார் கங்காணி. ஸ்டெல்லா, "எனக்கு ரெண்டு பேரு தங்குற மாதிரி ரூம் வேணும்" என்றாள்.

"ரெண்டாமத்த ஆள் ஆரு? அம்மச்சியா?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்கு மலைக் குளுரு ஆகாதுய்யா" என்றேன்.

ஸ்டெல்லா பெட்டி மூடியைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டு, "ரோஸி அப்பா வர்றாக" என்றாள்.

உன்னிடம் கேட்பதற்கு முன்னால் கங்காணியிடம் சொல்லிவிட்டாள். உன்னிடம் கேட்கவும் மாட்டாள். புதுநன்மைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக, இரண்டுக்கும் டிக்கெட் போட்டிருப்பதாக நீ சொன்னாயே, அன்றைக்குப் போனை வைத்துவிட்டு ஒரு கூடைத் துணியைத் துவைத்தாள். பெட்டி பெருகட்டும் என்று நீ இன்னும் காத்திருந்தால் மறுபடி ஒரு மழை வரும், மறுபடி ஏதாவது வரும். வந்தால் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறது என்பதைத்தான் இவ்வளவு நேரமும் எழுதினேன். நம் வீட்டுக்குச் சோறு போடப்போவது பெட்டி எண்ணிக்கை இல்லை அய்யா, அவள்தான். கூட ஒரு கை இருந்தால் நன்றாக இருக்கும், அவ்வளவே.

நேற்று கங்காணி போன் பண்ணினார். ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றாம், கூரை ஒழுகலையும் அடைத்தாயிற்றாம், கட்டில் ஒன்று போடவா இரண்டு போடவா என்று கேட்டார். ஸ்டெல்லா கோயிலுக்குப் போயிருந்தாள். அதனால் நானே சொல்லிவிட்டேன், ஒன்று போதும், கொஞ்சம் அகலமாகப் போடுங்கள் என்று.

உன் அம்மா